ஹட்டனுக்கு நான் கொண்டுபோன பன்னிரண்டு சேலைகள்

மே மாதத்தில் கம்பளிச் சட்டை கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தால் திருச்சிக்காரி எவள் நம்புவாள்? நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் மே மாதம் என்றால் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பளிக்கு ஒதுக்கிய இடத்தில் இன்னும் நாலு வெள்ளைச் சேலைகளைத் திணித்து, மொத்தம் பன்னிரண்டு சேலைகளோடு டிரங்குப் பெட்டியைப் பூட்டினேன். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன. பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே திறந்து, இரண்டு சேலைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு நின்றேன். போர்ட்டர்கள் சிரித்ததை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

நான் மலையைச் சுற்றிப் பார்க்கப் போனவள் அல்ல. திருச்சியில் எங்கள் சபைப் பெண்கள் ஓர் இல்லம் நடத்துகிறோம். வேலை வாங்கித் தருகிறேன், கட்டிக்கொள்கிறேன் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய், விற்கப்பட்டு, பூட்டிய வீடுகளில் கிடந்து, எப்படியோ மீண்டு வந்த பெண்களுக்கான இல்லம் அது. அதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். ஹட்டனிலும் அதேபோல ஒரு சின்ன வீடு தொடங்கியிருந்தார்கள். ஒரு மாதம் வந்து தங்கி வழிகாட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். வழிகாட்டக் கூப்பிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கப்பல்துறையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டதைக்கூடப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டை நடத்துகிறவர் புனிதம் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பேச்சு முதல் நாள் எனக்குப் பாதிதான் விளங்கியது. சமையல் முழுவதும் விளங்கியது. இடியாப்பத்துக்கு மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றினார். பத்தியச் சாப்பாடு போலிருக்கிறதே என்று அலட்சியமாக வாயில் வைத்தேன். கூடவே இருந்த, தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பல் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வர, "இன்னும் ரெண்டு போடுங்கோ அக்கா, உது காணாது" என்று அவர் பரிமாறிக்கொண்டே இருந்தார். எட்டு இடியாப்பம் உள்ளே போனபோது குளிர் போய்விட்டது.

வீட்டில் அப்போது நாலு பெண்கள். அதில் லெட்சுமியைப் பற்றித்தான் எழுத வேண்டும். இருபத்தைந்து வயதிருக்கும். பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம். தாய் தகப்பன் இல்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் கருப்பையா என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான மறு வருஷம், நல்ல சேலையும் கைப்பையுமாக ஒருத்தி அந்தத் தோட்டத்துக்கு வந்து, கொழும்பில் ஒரு டாக்டர் வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்றாளாம். கருப்பையாவே ஸ்டேஷன் வரைக்கும் வந்து மனைவியை ரயில் ஏற்றிவிட்டார். டாக்டரும் இல்லை, குழந்தையும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் போலீஸ் அந்த வீட்டின் பூட்டை உடைத்தபோது லெட்சுமி வெளியே வந்தாள். நடுவில் நடந்ததை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, முப்பது வருஷத்தில் நான் கற்ற உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

மாதத்துக்கு ஒரு முறை கருப்பையா வருவார். உள்ளே வரமாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, துணியில் சுற்றிய ரொட்டியை நீட்டுவார். லெட்சுமி வாங்கிக்கொள்வாள். நான் போன மூன்றாம் நாள் அவரைப் பிடித்து, "கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"போவணும்னுதாங்க வர்றேன். ரயில் ஏத்திவிட்டவனே நான்தாங்களே. ஆனா லயத்துல சேத்துக்கணும்ல. எந் தங்கச்சி முத்தம்மா இருக்கா, அவள நெனச்சா வாய் வரமாட்டேங்குது" என்றார். லெட்சுமியைப் பற்றி ஊர் பேசத் தொடங்கிய பிறகு, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தண்ணீர் பிடிக்கும் பீலியில் மற்றப் பெண்கள் முத்தம்மாவின் குடத்தையும் ஒதுக்கி வைத்தார்களாம். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

டீச்சர் ஏற்கெனவே தோட்டத்துக் கண்டாக்குக்கு எழுதியிருந்தார். கண்டாக்கு என்றால் துரைக்கு அடுத்தபடியாக மலைவேலைகளைக் கவனிக்கும் உத்தியோகத்தர். பதில் சுருக்கமாக வந்தது. லயத்து ஆட்கள் ஒப்புக்கொண்டால் லெட்சுமியின் பேரைத் திரும்பப் பதியலாம். தகராறு வந்தால் முடியாது. இதற்காகவே கடவுள் என்னைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் இல்லத்துக்கு வந்த பெண்களில் ஒருத்திகூட வீட்டுக்குத் திரும்பிப் போனதில்லை. எங்களோடு இருந்துவிடுவார்கள், அல்லது சபையிலேயே யாருக்காவது கட்டிவைப்போம். லெட்சுமிதான் முதல் ஆளாக இருக்கப்போகிறாள்.

இப்போது சேலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இல்லத்தின் சட்டம், உள்ளே வந்த அன்றே பழைய துணியைக் கழித்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டுவது. பழைய வாழ்வு போயிற்று, புதியது வந்தது என்பது அர்த்தம். நானும் முப்பது வருஷமாக வெள்ளைதான். எங்கள் சபையில் கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளைதான். ஆகவே கருப்பையா வந்துபோன மறுநாளே நாலு பெண்களுக்கும் வெள்ளை கட்டிவிட்டு, டீச்சர் கொடுத்திருந்த பூப்போட்ட சேலைகளைத் தரை துடைக்கக் கிழித்துப் போட்டேன்.

"அக்கா, தோட்டத்துச் சனம் வேறை மாதிரி நினைக்கும்" என்று டீச்சர் இழுத்தார்.

"நான் பார்க்காத சனமா?" என்றேன். அவர் அத்தோடு விட்டுவிட்டார். மரியாதை தெரிந்தவர்கள் என் போன்றவர்களிடம் படும் பாடு கொஞ்சமல்ல.

லெட்சுமி என்னை எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டாள். ஜெபத்துக்கு உட்காருவாள், கண்ணை மூடுவாள். நான் நீளமாக ஜெபித்து முடித்ததும், "நீங்க உங்க சாமிகிட்ட சொல்லிட்டீங்க. எங்க மாரியாத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேங்கம்மா" என்பாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. நாலாம் நாள், இரண்டு பக்கமும் சொல்லி வைப்பதில் தவறில்லை என்று எனக்கே பட ஆரம்பித்தது. இதை எங்கள் போதகர் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு ஹட்டன் கடைத்தெருவுக்குப் போனேன். ஏதோ மணப்பாறைச் சந்தைக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. அதே பேச்சு, அதே பேரம். குளிர் மட்டும் இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்திருப்பேன். வெற்றிலைக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும், "ஊருலேருந்தா வர்றீங்க? எந்தப் பக்கம்?" என்றார். திருச்சி என்றேன். "நமக்கு முசிறிங்க. காவேரியில தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார். எப்போது கடைசியாக ஊருக்குப் போனீர்கள் என்று விசாரித்தேன். அவர் போனதே இல்லை. அவர் அப்பாவும் இந்த மலையில் பிறந்தவராம். காகிதம் காட்டினால்தான் இந்த நாட்டு ஆள் என்று இங்கே சொல்கிறார்கள், பார்த்தேயிராத காவேரியோ அவருக்கு நம்முடையதாக இருக்கிறது. இன்னும் தண்ணீர் விடவில்லை என்றேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டு, வெற்றிலையில் நாலு கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை லெட்சுமியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. செவ்வாய் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, கலர் சீல ஒண்ணு இருந்தா கட்டிக்கிட்டுப் போவேன்."

"இத்தனை பட்டபிறகும் சிங்காரத்தில் ஆசையா?" என்று தொடங்கி, கால் மணி நேரம் பேசினேன்.

"சிங்காரத்துக்கு இல்லீங்கம்மா" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை பௌர்ணமி, சிங்களவர்கள் போயா என்று விரதம் இருக்கும் நாள். பஸ்ஸில் எங்களுக்கு ராஜ உபசாரம். வெள்ளை உடுத்திப் பன்சலை என்ற புத்தர் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் லெட்சுமியைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டதை லெட்சுமி எனக்குத் தமிழில் சொன்னாள். "இவ்வளவு சின்ன வயசுல எவ்வளவு பக்தி பாருன்னு சொல்றாங்கம்மா." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வெள்ளைக்கு இந்த நாட்டிலும் மதிப்பு இருக்கிறது என்று டீச்சருக்குச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆறு மைல் போனதும் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், பிறகு இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். எங்கள் ஊர் பஸ்ஸிலும் இதே நடைமுறைதான் என்பதால் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப்போன லொறி ஒன்று அந்தச் சரிவை ஒட்டி ஊர்ந்து வந்தது. என்னை மூட்டைமேல் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். லெட்சுமி ஒரே தாவில் ஏறிவிட்டாள். அவள் சேலை அழுக்காகிவிடக்கூடாது என்று, கீழே சாக்கை விரித்து, மேலே என் போர்வையையும் போர்த்தி, பளிச்சென்று வெள்ளையாகவே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நாங்கள் இறங்கியபோது மாலை ஐந்து மணி இருக்கும். பெண்கள் மலையிலிருந்து வந்து, கூடைகளை இறக்கிவிட்டு, லயத்து வாசலில் நின்றிருந்தார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். போர்வையை எடுத்துவிட்டு லெட்சுமியை முன்னால் நடக்கச் சொன்னேன். அவள் நாலு எட்டு வைத்தாள்.

"ஆத்தாடி!"

வாட்டசாட்டமான ஒரு பெண் மார்பில் அறைந்துகொண்டு முன்னால் ஓடிவந்தாள். முத்தம்மா என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"எங்கண்ணன் உசுரோட இருக்கயில வெள்ளையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாளே! இவ வாழ வந்தவளா, எங்க வீட்ட வாரிக்கிட்டுப் போக வந்தவளா?"

லயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்த கருப்பையா, கோடரியோடு ஓடிவந்து, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று கத்தினார். வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அப்போதுதான் நான் லெட்சுமியைப் பார்த்தேன். அவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தேன். வெள்ளைச் சேலை. வெறும் நெற்றி. வெறும் கழுத்து, அவள் தாலியைக் கொழும்பிலேயே பிடுங்கிவிட்டார்களாம். சிங்காரத்துக்கு இல்லீங்கம்மா என்று அவள் சொன்னது எதற்கு என்பது இப்போது புரிந்தது. என் புருஷன் இறந்து நான் வெள்ளை கட்டியபோது என் அம்மா அழுத அழுகை எனக்கு மறந்தே போயிருந்தது. முப்பது வருஷத்தில் அது எனக்கு ஒரு சீருடை ஆகிவிட்டது. தலை குனிந்து நின்ற லெட்சுமி, இது இந்த அம்மா கட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அப்படியோர் அவமானத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

"அவளைத் திட்டாதே அம்மா" என்றேன். எத்தனையோ மேடை ஏறிய வாய், அன்று குழறியது. "இதைக் கட்டிவிட்டது நான். கலர் சேலை வேண்டுமென்று அவள் கேட்டாள். நான்தான் கொடுக்கவில்லை."

முத்தம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா? படிச்சவங்கதானே நீங்க? தாலி அறுத்தவதான் வெள்ள கட்டுவான்னு தெரியாதா? அது வாயத் தொறந்து கேட்டுச்சாமே, குடுத்தா என்னா கொறஞ்சு போயிருவீங்க? எங்க மதினிக்கு வெள்ள கட்டிவிட நீங்க யாரு?"

இன்னும் நிறையச் சொன்னாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அதுவரை 'இவ' என்று பேசிக்கொண்டிருந்தவள், என்னைத் திட்டும் வேகத்தில் மதினி என்று சொல்லிவிட்டதை நான் கவனித்தேன். அவள் கவனித்தாளா என்று தெரியாது. திட்டி முடித்து உள்ளே போனவள், அரக்கு நிறத்தில் ஒரு சேலையைக் கொண்டுவந்து லெட்சுமியின் கையில் திணித்தாள்.

"சீல குடுத்துட்டேன்னு எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காத."

கண்டாக்கு வந்து, "என்னா, தகராறு ஏதும் உண்டா?" என்று கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "காலையில மலைக்கு வரட்டுங்க. மலையில பாத்துக்குவோம்" என்றாள் முத்தம்மா. என்ன பார்ப்பார்கள் என்று கருப்பையாவிடம் விசாரித்தேன். தேயிலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துத்தான் கொழுந்து எடுப்பார்கள். பக்கத்து நிரையில் நிற்க எல்லோரும் மறுத்துவிட்டால், வேலையை மேற்பார்க்கும் கங்காணி லெட்சுமியைக் கீழே அனுப்பிவிடுவார். பேர் பதிய முடியாது. அவள் என்னோடு ஹட்டனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முத்தம்மா எனக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். விரல் கனத்தில் கோதுமை ரொட்டி, இடித்த கட்டைச் சம்பல், பால் இல்லாத தேத்தண்ணீர். சீனியைத் தேத்தண்ணீரில் போடவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துவிட்டு, நக்கி நக்கிக் குடிக்கச் சொன்னாள். எதிரிக்கும் வயிறு நிறையப் போடுகிற வீடு என்று புரிந்தது. மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.

காலையில் தப்பு மேளத்தின் சத்தம் என்னை எழுப்பியது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க, ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பினார்கள். கண்டாக்கு லெட்சுமியைப் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார், எழுதவில்லை. பெண்கள் ஆட்டுக்குட்டிகள்போல மலையில் ஏறினார்கள். திருச்சி மலைக்கோட்டையில் நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன் என்ற கர்வம் பாதி வழியில் போய்விட்டது. மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

கங்காணி நிரை பிரித்துக் கொடுத்தார். லெட்சுமிக்குக் கடைசி நிரை. அதற்கு அடுத்த நிரைக்கு ஒருத்தியும் போகவில்லை. அது காலியாகவே கிடந்தது. கங்காணி லெட்சுமியைப் பார்த்துக் கையைத் தூக்கப்போன நேரத்தில், மேலே நின்ற முத்தம்மா கூடையோடு இறங்கி வந்து அந்த நிரையில் நின்றாள். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம். முதல் கொழுந்தைக் கிள்ளும் முன் ஒருத்தி "பொலி" என்று குரல் கொடுக்க வேண்டும். நிரையில் நிற்கிற அத்தனை பேரும் "பொலியோ பொலி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். விளைச்சல் பெருக வேண்டுமென்று எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் தூற்றும்போது சொல்வதுதான். இங்கே தேயிலைக்குச் சொல்கிறார்கள். குரல் கொடுக்கிறவள் முத்தம்மா. கைராசிக்காரி என்று அவளுக்குப் பேர்.

"பொலி!" என்றாள்.

"பொலியோ பொலி" என்றது மலை. கைகள் செடிக்குப் போயின.

"நிறுத்துங்கடி" என்றாள் முத்தம்மா. "ஒரு வாய் கொறயுது."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். லெட்சுமி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். "நான் வேணாம் முத்தம்மா. எம் வாயால சொன்னா வெளங்காது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், எனக்கே கேட்டது.

"என்னா முத்தம்மா, நேரம் போவுது" என்றார் கங்காணி.

"ஒரு வாய் கொறஞ்சா மலை எப்புடிங்க பொலியும்? எல்லா வாயும் வரட்டும்."

அவள் மறுபடியும், இன்னும் சத்தமாக, "பொலி!" என்றாள். இந்த முறை ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. முப்பது பெண்களும் கையைச் செடிக்குமேல் நீட்டியபடியே, தொடாமல், லெட்சுமியின் பக்கம் திரும்பி நின்றார்கள். மேல் நிரையில் ஒருத்தி, "சொல்லேன் புள்ள, கை வலிக்குதுல்ல" என்றாள். எனக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. சொல்லடி, சொல்லடி என்றுதான் வந்தது.

"பொலியோ பொலி" என்றாள் லெட்சுமி. இரண்டு வருஷம் பேசாத தொண்டைபோல அது கரகரத்தது.

முப்பது பேரின் கையும் அப்போதுதான் செடியில் இறங்கியது.